மூக்கில்லாதவ வீட்டு பைப் கேஸ்

3 செப்டம்பர் 2006, ஞாயிறு

காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பால் கெட்டுப் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஓடிப்போய் வாஷ்பேசினில் துப்பினார். "ஏட்டி, பாக்கெட்ட வெட்டும்போதே மூக்க வச்சுப் பாக்க மாட்டியா?" "தேதி இன்னும் இருக்குல்லா!" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். நான் கத்தினால் அவர் பேச்சை விட்டுவிடுவார். அதற்காகத்தான் கத்துவது.

பிப்ரவரியில் வந்த காய்ச்சலோடு போன வாசம் இன்னும் திரும்பவில்லை. மல்லிப்பூவும் ஒன்றுதான், மத்தி மீனும் ஒன்றுதான். சாம்பாருக்குக் காயம் எவ்வளவு என்று கை சொல்கிற கணக்கில் போடுகிறேன். ரோலா கிளினிக்கில் டாக்டரம்மா, "தானா வரும், வெயிட் பண்ணுங்க" என்றார். வெயிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? மார்ச்சில் ஒருநாள் அடுப்புத் திருகு பாதியில் நின்றிருக்கிறது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்து ஓடிவந்து மூடினார். நான் அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்! சளி என்று சொல்லிச் சமாளித்தேன். "இன்னொரு தடவ இப்படி நடந்துச்சுன்னா ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்தி விட்டுருவேன். அவ்வளவு தூரத்துல தேராவுல கடையில நின்னுகிட்டு இங்க என்ன ஆச்சோன்னு என்னால துடிச்சிட்டிருக்க முடியாது" என்றார். கோபத்தில் சொன்னால்கூடப் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னார். அவர் நிதானமாகச் சொன்னால் செய்துவிடுவார்.

கல்யாணமாகி ஏழு வருசம் போனிலேயே குடும்பம் நடத்தினவள் நான். இரண்டு வருசத்துக்கு முன் மகள் கௌசியோடு இந்த கல்ஃபுக்கு வரும்போது அவளுக்கு ஐந்து வயது. ஏர்போர்ட்டில் அவரைப் பார்த்து, "இதுதான் போன் அப்பாவா?" என்று கேட்டாள். அந்த மனுசன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறுபடி அவரைப் போன் அப்பாவாக ஆக்க என்னால் முடியாது. மூக்கு போனால் போகிறது, சவம்.

6 செப்டம்பர், புதன்

கீழே லிப்ட் பக்கத்தில் நோட்டீஸ். இனி பில்டிங்கில் சிலிண்டர் கூடாது. ரோட்டிலிருந்து பைப்பில் கேஸ் வருகிறதாம், ஒவ்வொரு வீட்டுக்கும். நாத்தூர் சுஐபு பாய் — நாத்தூர் என்றால் இங்கே வாட்ச்மேன், இவருக்கு ஊர் பாளையங்கோட்டை — ஒவ்வொருத்தரையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறார், "சிலிண்டர் மாஃபி! கலாஸ்!" கிடையாது, முடிந்தது என்று அரபியில். ஏதோ அவரே பைப் போட்ட மாதிரி ஒரு பெருமை.

எனக்கு மூச்சு வந்தது. அடுக்களை மூலையில் நிற்கிற அந்த நீலக் குண்டனோடு எத்தனை மாசமாக மல்லுக்கட்டுகிறேன்! அடுப்பை அணைத்தால் திருகைத் தொட்டுப் பார்க்கிறேன், ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்க்கிறேன், குழாயைத் தடவிப் பார்க்கிறேன். கௌசியை பஸ் ஏற்றப் போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்து பார்த்ததும் உண்டு. தொலையட்டும், பெருமாளே.

7 செப்டம்பர், வியாழன்

ஆனால் ஒன்று. சிலிண்டர் என்றால் ஒருநாள் தீர்ந்துபோகும். பைப்பு தீராதே?

14 செப்டம்பர், வியாழன்

ஐயோ, மானம் போச்சு.

கேஸ் கம்பெனி என்ஜினியர் வந்திருந்தார், மலையாளி, சின்ன வயசு. கீழே ஹாலில் எல்லாப் பொம்பளைகளையும் உட்கார வைத்து விளக்கம். கேஸுக்கு நிஜத்தில் வாசமே கிடையாதாம். ஒழுகினால் தெரியட்டும் என்று இவர்களாகவே ஒரு நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்களாம். "நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீங்க, நெருப்புப் பற்ற வைக்காதீங்க, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாங்க. உங்க மூக்குதான் உங்களுக்குக் காவல்." நல்ல காவல் போ! எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துவிட்டது. மூக்கு இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பைப் கேஸ் போல.

பிறகு ஆளுக்கு ஒரு அட்டையைக் கொடுத்தார். அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ள. நான் முந்திரிக்கொட்டை மாதிரி அட்டையை மூக்கில் வைத்து, "ச்சீ! என்ன நாத்தம்!" என்று முகத்தைச் சுளித்தேன். பக்கத்தில் ஒருத்தரும் சுளிக்கவில்லை. என்ஜினியர் சிரித்துக்கொண்டே, "சேச்சி, முதல்ல நகத்தால சுரண்டணும். சுரண்டினாத்தான் மணம் வரும்" என்றார்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். எதிர்வீட்டு பத்ருன்னிசா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

15 செப்டம்பர், வெள்ளி

அவரும் கௌசியும் முடிவெட்டப் போன நேரம் பார்த்து பத்ரு அக்கா வந்தது. கையில் ஒரு மூடி போட்ட டப்பா. "கண்ண மூடு புள்ள. இது என்னன்னு சொல்லு." மூக்கிற்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிரியாணி என்றேன். கண்ணைத் திறந்தால் கருவாடு.

பிறகு அழுதேன். அக்கா திட்டவில்லை. கீழக்கரைக்காரிகளுக்கே உள்ள அந்த அதட்டலோடு, "மாப்பிள்ளைகிட்ட மொதல்ல சொல்லு. அடுப்பு விஷயம் புள்ள இது" என்றது. சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னேன், யாரிடமும் சொல்லக்கூடாது என்று. சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் என்றது. "ஆனா நானா போயிச் சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

அது போதும் இப்போதைக்கு.

20 செப்டம்பர், புதன்

சுவரெல்லாம் ஓட்டை, வீடெல்லாம் சிமெண்டுத் தூசி. மஞ்சள் பைப்பு அடுக்களைச் சுவரில் ஏறி வந்து நிற்கிறது. என் பித்தளை பர்னர் அடுப்பைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்த பட்டாணியன், "ஏ நஹீ சலேகா, பஹன்", இது ஆகாது என்று தலையாட்டிவிட்டான். இந்தக் கேஸுக்கு அதில் மாற்றிப் போட உள்சாமான் கிடைக்காதாம்.

அது அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த அடுப்பு. சங்கரன்கோவில் பாத்திரக்கடையில் அவர் பேரம் பேசினதுகூட நினைவிருக்கிறது. இரண்டு பர்னர். இங்கே வரும்போது துணிகளைக் குறைத்துவிட்டு அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. புதுசாக ஒரு வெள்ளை அடுப்பு வாங்கி வந்தார். ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கிறது.

23 செப்டம்பர், சனி

தீ வந்தது. நீலமாக, சத்தமே இல்லாமல். முதலில் பால் காய்ச்சினேன். நல்ல பால், கௌசியை முகர்ந்து பார்க்க வைத்தேன், விளையாட்டு மாதிரி. அவளுக்கு வேலை கொடுத்தால் குஷி.

சிலிண்டர்களை எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தது. எல்லா வீட்டையும் போல எங்களிடமும் இரண்டு. இவர் காலி சிலிண்டரைக் கொடுத்தார். இன்னொன்று எங்கே என்று நான் வாயைத் திறக்கும்முன் என் காலை மிதித்தார்.

அது பெட்ரூமில் இருக்கிறது! பாதிக்கு மேல் கேஸ் இருக்கிறதாம், எவனாவது சும்மா தூக்கிக் கொடுப்பானாம்? பழைய போர்வையைச் சுற்றி, மேலே கௌசியின் கரடி பொம்மையை உட்கார வைத்திருக்கிறார். "தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் சுடணும்லா. பெரிய இருப்புச்சட்டி இந்தப் புது அடுப்புல நிக்கவா செய்யும்? பைப் கேஸுக்கு வீரியமே இல்லன்னு மணிமாறன் சொல்லுதான்." மணிமாறன் இவரோடு கடையில் வேலை பார்க்கிறவர். ரூமில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிற ஆளுக்கு அடுப்பு வீரியம் பற்றி என்ன தெரியும்?

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். பயமாக இருக்கிறது என்றேன். "இத்தன நாள் அடுக்களையில இருந்தது இப்போ பெட்ரூம்ல இருக்கு, அவ்வளவுதானே" என்றார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நிற்காது.

28 செப்டம்பர், வியாழன்

நோன்பு ஆரம்பித்ததிலிருந்து பத்ரு அக்கா தினமும் சாயங்காலம் கஞ்சித் தூக்குவாளியோடு வருகிறது. வந்ததும் அடுக்களையில் நின்று நாய்க்குட்டி மாதிரி மோந்து பார்க்கும். பிறகு பாத்ரூம், பிறகு பெட்ரூம். "நோம்பு நேரத்துல எனக்கு மூக்கு ரொம்பத் தெளிவு புள்ள. மூணாவது மாடியில சமோசா பொரிக்கிறது இங்க வருது." எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு, போர்வைக்குள் நிற்கிற குண்டனைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுப் போகும்.

கஞ்சியில் பூண்டு, வெந்தயம், மல்லித்தழை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. நாக்குக்குச் சூடும் உப்பும். கௌசி ரசித்துக் குடிக்கிறாள்.

5 அக்டோபர், வியாழன்

செக்கிங் என்று ஒருவர் வந்தார். பெட்ரூம் வாசலில் நின்று, அது என்ன என்று கேட்டார். இவர் இன்றைக்கு வீட்டில் இருந்தார். கொஞ்சமும் கூசாமல், "ஸ்டூல்" என்றார். கௌசி உடனே ஓடிப்போய் கரடியைத் தூக்கிவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து காட்டினாள். அப்பனும் மகளும் நல்ல கூட்டு.

செக்கிங்காரர் போன பிறகு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் போர்வையை விலக்கி, குண்டனின் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

13 அக்டோபர், வெள்ளி

வாடகை ஏற்றப்போகிறார்களாம், பில்டிங் முழுக்க. பேமிலியை ஊருக்கு அனுப்பிவிட்டு ரூமுக்குப் போனவர்கள் இந்த வருசம் மட்டும் எத்தனை பேர் என்று அவர் மணிமாறனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம கதை என்னாகுமோ, ஜனவரியில அக்ரிமெண்ட் வருது" என்றார். நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். கடைந்தேன் கடைந்தேன், அது தண்ணியாகவே போய்விட்டது.

இந்த நேரத்தில் மூக்கைப் பற்றிச் சொல்ல எனக்கென்ன கோட்டியா பிடித்திருக்கிறது?

20 அக்டோபர், வெள்ளி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

நேற்று. அவர் கடைக்குப் போகும்முன் பால்கனியில் பித்தளை அடுப்பையும் சிலிண்டரையும் மாட்டி வைத்துவிட்டுப் போனார். முறுக்கு சுட்டு முடித்து அடுப்பை அணைத்து எண்ணெயை இறக்கி வைத்தேன். கீழே எட்டிப் பார்த்தால் கேஸ் கம்பெனி சட்டை போட்ட இரண்டு பேர் சுஐபு பாயோடு உள்ளே வருகிறார்கள். உயிரே போய்விட்டது. அடுப்போடும் குழாயோடும் சேர்த்துக் குண்டனை இழுத்துக்கொண்டு பெட்ரூமுக்கு வந்தேன். பால்கனிக் கதவின் தடத்தில் குழாய் சிக்கியது. ஒரு சுண்டு சுண்டி இழுத்தேன். அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையைப் போட்டு, கரடியை உட்கார வைத்துவிட்டேன். அந்த ரெண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. மூன்றாவது மாடிக்குப் போய்விட்டு அப்படியே இறங்கிப் போனார்கள். நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

ரெகுலேட்டரை மூடவில்லை. எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவள், நேற்று அதைத் தொடவில்லை.

குளித்துவிட்டு வந்து பெட்ரூம் அலமாரித் தட்டில் இருக்கிற சாமி படத்து விளக்குக்குத் திரி திரித்துப் போட்டேன். ஏசி ஓடுகிறது. ஜன்னல் எல்லாம் அடைப்பு. தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உருவிக் கையில் வைத்துவிட்டேன். அப்போது எதிர்வீட்டிலிருந்து கௌசி கஞ்சித் தூக்குவாளியோடு வந்து பெட்ரூம் வாசலில் நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "மம்மி! ஹூ ஃபார்ட்டட்?" என்று கெக்கெக்கே என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்! "நீதான்டி விட்டது" என்றேன். அவள், "நோ மம்மி, இட்ஸ் லைக் தட் கார்டு" என்றாள். அந்த அட்டை. சுரண்டினால் நாறுகிற அட்டை. அதை அவள் பென்சில் டப்பாவில் வைத்து எல்லாரையும் வெறுப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

குச்சியும் பெட்டியும் கையிலேயே இருக்கின்றன. உரசவில்லை. அம்மா தாயே, உரசவில்லை. கௌசி லைட் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோகிறாள். "தொடாதட்டீ!" என்று ஊரே கேட்கக் கத்தினேன். அவள் பயந்து தூக்குவாளியைப் போட்டுவிட்டாள். அப்படியே அவளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினேன், ஏழு வயசுப் பிள்ளையை. கஞ்சியில் வழுக்கி, செருப்பில்லாமல், ஈரத் தலையோடு படியில் இறங்கினேன்.

சுஐபு பாய் அப்போதுதான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்திருக்கிறார். நோன்பு திறக்கிற நேரம். அப்படியே போட்டுவிட்டு, கீழே கரண்ட் மெயினை அணைத்துவிட்டு மேலே ஓடினார். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, குண்டனைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டு வந்தார். குழாய் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்ததாம். "கட்டிலுக்கு அடியில பூரா கேஸுமா. அல்லா காப்பாத்துனான்" என்றார். பத்ரு அக்கா கௌசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதது.

அவர் ட்ராபிக்கில் மாட்டி வரும்போது பில்டிங்கே கீழே நிற்கிறது. சுஐபு பாய் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து, "விளக்குப் பத்த வைக்கப் போனியா? அந்த நாத்தத்துலயா? உனக்கு மூக்கு இல்லையாட்டீ?" என்று கத்தினார். எல்லார் முன்னாலும்.

"இல்ல" என்றேன்.

"என்னது?"

"இல்ல. பிப்ரவரியிலேருந்து இல்ல. எந்த வாசமும் தெரியாது எனக்கு."

அவர் பத்ரு அக்காவைப் பார்த்தார். அக்கா, "ஆமா தம்பி. உண்மைதான். ஊருக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்துகிட்டு சொல்லல" என்றது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். கௌசி போய் அவர் முழங்காலுக்கு நடுவில் நின்றுகொண்டாள். அவள் தலையை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று லீவு. பேச்சு இல்லை.

21 அக்டோபர், சனி. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். முறுக்கு நன்றாக வந்திருக்கிறது என்று கௌசி சொன்னாள். அவர் சாப்பிட்டார், கடைக்குப் போனார்.

சாயங்காலம் வந்து பால்கனியில் நின்று மணிமாறனுக்குப் போன் போட்டார். மணிமாறன் லீவில் ஊருக்குப் போகிறார், செவ்வாய்க்கிழமை ப்ளைட். கதவு சரியாக மூடவில்லை. "எவ்வளவு கிலோ விடுதான்? ... சரி. செவ்வாய்க்கிழமைக்குள்ள நான் கட்டிருதேன். ... இல்லப்பா, இனிமே இங்க வச்சிருக்கது சரியா வராது. ஊர்லயே இருக்கட்டும்."

ஊர்லயே இருக்கட்டும்.

நான் போய் கௌசியின் யூனிபார்மை இஸ்திரி போட்டேன். எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை.

22 அக்டோபர், ஞாயிறு

அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கிவிட்டார். தூசி தட்டி ஹாலில் திறந்து வைத்திருக்கிறார்.

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். மணிமாறனோடு எங்களை ஏற்றிவிடுகிறார், துணைக்கு ஆள் இருக்கும்போது அனுப்புவதுதானே வழக்கம். கௌசிக்கு ஸ்கூல் பாதியில். சங்கரன்கோவிலில் இந்த இங்கிலீஷ்காரியை எந்த ஸ்கூலில் சேர்ப்பேன்? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் மணிக்குக் காத்திருக்கணும், மறுபடியும். "சாப்பிட்டியா? அங்க மழையா?" — அதையே எத்தனை வருசம் கேட்டுக்கொள்வது?

தப்பு என்னுடையதுதான் என்று அழலாம். ஆனால் அந்தச் சிலிண்டரை வைத்தது நானா? நானா ஸ்டூல் என்றேன்? பெட்டியைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது. போகமாட்டேன். இழுத்துப் போனாலும் போகமாட்டேன்.

24 அக்டோபர், செவ்வாய்

இதை எப்படி எழுத? உட்கார்ந்து சிரிக்கிறேன், மூக்கைச் சிந்துகிறேன், மறுபடி சிரிக்கிறேன்.

பெருநாள் லீவு, அவர் வீட்டில். காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து பித்தளை அடுப்பை இழுத்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பர்னரைப் புளி போட்டு விளக்கினார். பெரிய துண்டில் சுற்றினார். பெட்டிக்குள் வைத்தார். சுற்றிலும் பழைய துணி, கௌசிக்குச் சின்னதாகிப்போன சட்டைகள், ஒரு டப்பா பேரீச்சம்பழம், ஒரு தைலம். பெட்டியை மூடி, பூட்டிக் கயிறு கட்டினார். மேலே மார்க்கரால் எங்கள் அப்பா பெயரை எழுதினார்.

நான் வாசலில் நிற்கிறேன். "எங்க துணி?" என்றேன்.

"எந்தத் துணி?"

"எனக்கும் கௌசிக்கும்... ஊருக்கு..."

அவர் என்னைப் பார்த்த பார்வை! "நீ எதுக்குட்டி ஊருக்குப் போற? அடுப்புதான் போவுது. உங்கப்பா குடுத்தது, குப்பையில போட மனசு வரல. இங்க வச்சிருந்தா நானே மறுபடி எங்கேயாச்சும் சிலிண்டர் தேடுவேன், என் புத்தி எனக்குத் தெரியாதா? அங்க உங்கம்மா வீட்ல எரியட்டும்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மூன்று நாளாக அடக்கி வைத்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் அழுதார், அவருக்கு அழத் தெரியாது, இருமுகிற மாதிரி இருந்தது. "அனுப்பணும்னா என்னியத்தான் அனுப்பணும். பிள்ள படுக்குற ரூம்ல கொண்டு வச்சேன் பாரு. நாலஞ்சு நாளா உன் மூஞ்சில முழிக்க முடியல, அதான் பேசல. நீ கோவத்துல இருக்கன்னு நெனச்சேன்" என்றார். நான் கோபத்தில்! நல்ல கூத்து!

பிறகுதான் திட்டினார். ஆசை தீரத் திட்டினார். எட்டு மாசமாகச் சொல்லாமல் இருந்ததற்கு, கிளினிக்குக்குத் தனியாகப் போனதற்கு, எல்லாவற்றுக்கும். "சாம்பார்ல காயத்த அள்ளிக் கொட்டும்போதே எனக்கு உறைச்சிருக்கணும். ஊர் நெனப்புல சமைக்கான்னு பேசாம தின்னேன்" என்றார். ஆசீர்வாதம் மாதிரி கேட்டுக்கொண்டேன்.

மணிமாறன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மதினியவே உள்ள வச்சிட்டீங்களா?" என்றார்.

26 அக்டோபர், வியாழன்

கடையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்திருக்கிறார், உள்ளங்கை அளவு. கேஸ் ஒழுகினால் கத்துமாம். அந்த மலையாளி என்ஜினியருக்குப் போன் பண்ணி எங்கே மாட்டுவது என்று கேட்டு, உச்சியில், சீலிங் பக்கம் மாட்டியிருக்கிறார். இந்தக் கேஸ் மேலே ஏறுமாம். சிலிண்டர் கேஸ் கீழே கிடக்குமாம். இத்தனை வருசம் சிலிண்டரோடு இருந்திருக்கிறோம், இது தெரியாது.

கௌசி அதற்கு "மம்மி நோஸ்" என்று பெயர் வைத்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள்.

29 அக்டோபர், ஞாயிறு

காலையில் மம்மி நோஸ் அலறியது. மூன்று பேரும் போட்டது போட்டபடி ஓடினோம். அவர் பனியனோடு. நான் கையில் தோசைக் கரண்டியோடு. பத்ரு அக்கா வந்து உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது. அவர் கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அடுக்களையில் நின்று சென்ட் அடித்திருக்கிறார். அது அந்தப் பெட்டிக்கு ஆகாதாம்.

இனிமேல் பால்கனியில் போய் அடிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

4 நவம்பர், சனி

இ.என்.டி. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், லீவு போட்டுவிட்டு. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அவர் ஆயிரம் கேள்வி கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து ஜூஸ் குடித்தோம்.

9 நவம்பர், வியாழன்

காலையில் கிளம்பும்முன் அடுக்களைக்கு வந்து பாலை மோந்து பார்க்கிறார், மாவை மோந்து பார்க்கிறார், நேற்றைய குழம்பை மோந்து பார்க்கிறார். "ம்... நல்லாருக்கு. இது வேண்டாம், கொட்டிரு." பத்ரு அக்காவின் வேலை போய்விட்டது. ஆனாலும் வருகிறது.

காயம் பத்தவில்லை என்றார் இன்று. அடப்பாவி.

17 நவம்பர், வெள்ளி

வாடகை ஏறியது ஏறியதுதான். அவர் ஓனரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, "ஒரு வருசத்துக்குப் போட்டாச்சு. கையத்தான் கொஞ்சம் சுருக்கணும்" என்றார். சுருக்கிக்கொள்வோம். கௌசியை அடுத்த வருசம் பரதநாட்டியத்தில் சேர்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன், அதை நானே பேச்சோடு பேச்சாகத் தள்ளிவைத்தேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு தோசைக்குச் சரியாகிவிட்டாள்.

மத்தியானம் அம்மா போன். அடுப்பை மாட்டியாகிவிட்டதாம். அப்பா தினமும் அதைத் துடைக்கிறாராம், யாரையும் தொட விடுவதில்லையாம். "தீ நல்லா நின்னு எரியுதுட்டி. நீ அங்க என்னத்துல சமைக்க?" பைப்பில் கேஸ் வருகிறது என்றேன். அம்மா நம்பவில்லை. "தண்ணி மாதிரியா?" தண்ணி மாதிரிதான் என்றேன். பக்கத்தில் அவர் சாம்பார்ச் சட்டியில் குனிந்து மோந்துகொண்டிருந்தார். கொஞ்சம் காயம் போடு என்று கையைக் காட்டினார்.

"சரி, நீங்க ரெண்டு பேரும் ஊருக்கு எப்போ வாரீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டு பேரும் இல்லம்மா, மூணு பேரும்" என்றேன். "ஜூலையில. லீவுக்கு."